பல் முளைக்கும் பருவமும் பகிர்ந்துகொள்ள வேண்டிய இரவுகளும்

(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் பேசுவதற்குக் குழந்தையின் ஈறும் எச்சிலும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இத்தகைய விழாக்களில்தான் கைக்குழந்தைகள் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறுகின்றனர். வாயில் விரலை வைத்துச் சப்பும் குழந்தையைக் கண்டதும், “பல் முளைக்கிறது போலும்” என்று ஒருவர் கூறுவார். அடுத்தவர் ஒரு கைமருந்து சொல்வார். மூன்றாமவர் அதை மறுத்து வேறொன்று சொல்வார். நான்கு இரவுகளாகக் கண்ணுறங்காத இளந்தாயோ எதை ஏற்பது, எதை விடுவது என்று தெரியாமல் திகைத்து நிற்பாள். அத்தாய்க்கும், அவளுக்கு அறிவுரை கூறும் நமக்கும் பயன்படுமாறு சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் வற்புறுத்த வந்த கருத்து இதுதான். பல்லுக்குரிய பங்கை மட்டுமே பல்லின் கணக்கில் எழுதுவோம். காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பல்லின் கணக்கில் எழுதினால் குழந்தை துன்புறும். உறக்கமற்ற இரவுகளைத் தாயின் கணக்கில் மட்டும் எழுதினால் தாய் துன்புறுவாள்.

ஈற்றுக்குள் நடப்பது என்ன?

குழந்தைக்குப் பால்பற்கள் இருபது. அவற்றின் தொடக்கம் தாயின் கருவிலேயே, ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது அவை தாடையெலும்புக்குள் மறைந்திருக்கின்றன. பெரும்பாலும் 6 முதல் 10 மாதங்களுக்குள் கீழ்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் முதலில் தோன்றும். அவற்றைத் தொடர்ந்து மேல்வரிசை நடுப்பற்களும், பின்னர் பக்கத்துப் பற்களும் வரும். முதற் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதங்களிலும், கோரைப்பற்கள் ஒன்றரை வயதை ஒட்டியும், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதை ஒட்டியும் அதற்குப் பின்னரும் முளைக்கும். மூன்று வயதுக்குள் இருபதும் நிறைவுறும்.

பல்லானது கத்தியைப் போலச் சதையைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பல்லைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களே எலும்பையும் ஈற்றுத் திசுவையும் சிறிது சிறிதாகக் கரைத்துப் பாதை அமைத்துத் தருகின்றன. அவ்வேளையில் ஈறு சிவந்து வீங்கலாம், நமநமப்பு உண்டாகலாம், வலியும் இருக்கலாம். குழந்தைக்குக் குழந்தை இது வேறுபடும். சில குழந்தைகளுக்குப் பல் வந்ததே தெரியாது. பாலாடையோ கரண்டியோ பட்டு ‘டிக்’ என்று ஒலித்த பிறகுதான் வீட்டார் அறிவர்.

பல்லின் கணக்கில் எவை சேரும்?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர மருத்துவர்கள் 125 குழந்தைகளை நாள்தோறும் கவனித்து, 475 பற்கள் முளைத்ததைப் பதிவுசெய்து, 2000ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல் வெளிப்படுவதற்கு முந்தைய நான்கு நாள்கள், வெளிப்படும் நாள், அதற்குப் பிந்தைய மூன்று நாள்கள் ஆகிய எட்டு நாள்களில்தான் தொல்லைகள் மிகுந்திருந்தன. கடித்தல், எச்சில் ஒழுகுதல், ஈற்றைத் தேய்த்தல், காதைத் தடவுதல், சிணுங்குதல், விழிப்பு மிகுதல், கெட்டியான உணவில் விருப்பம் குறைதல், முகத்தில் சிறு தடிப்பு, உடல் சற்றே வெதுவெதுத்தல் ஆகியவை அவர்கள் கண்டவை. உயர்ந்த காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 21 குழந்தைகளிடம் நடந்த ஆய்வோ, பல் முளைக்கும் நாள்களுக்கும் மற்ற நாள்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே காணவில்லை.

ஆகவே, மூன்று வாரமாகக் குழந்தை உறங்கவில்லையெனில் அதற்குப் பல் மட்டுமே காரணமாக இருக்க இயலாது. உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் அளவை, அதாவது 38 செல்சியசை எட்டினால் அது காய்ச்சல். பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் காரணத்தைத் தேடவேண்டும்.

“பல் முளைக்கும்போதுதானே வயிற்றுப்போக்கு வருகிறது? நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோமே” என்று பாட்டிமார் கேட்பர். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆறாம் மாதத்தை ஒட்டிப் பல நிகழ்ச்சிகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் அப்போது குறைந்துவிடுகின்றன. தாய்ப்பாலோடு கஞ்சியும் பருப்புச் சாதமும் ஊட்டத் தொடங்குகிறோம். குழந்தை தவழ்ந்து சென்று தரையில் கிடப்பதையெல்லாம் வாயிலிட்டுச் சுவைக்கிறது. கிருமிகள் உட்புகுவதற்கு இவையே வழிகள். பல்லும் அதே பருவத்தில் முளைப்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

இந்தப் பழி தீங்கற்றதாக இருந்தால் விட்டுவிடலாம். “பல் முளைக்கிறது, தானே சரியாகிவிடும்” என்று காத்திருக்கும் இரண்டு நாள்களில் வயிற்றுப்போக்கால் குழந்தையின் உடல்நீர் வற்றிவிடக்கூடும். கண்கள் குழிவிழுதல், வாய் உலர்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாதிருத்தல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். மலத்தில் இரத்தம், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவையும் அவ்வாறே. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அது நுரையீரல் தொற்றின் அடையாளமாகலாம்.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனே ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைத் தூளின் பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுமையாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டுங்கள். பாதிப் பொட்டலம் என்று கண்ணளவில் பிரிக்க வேண்டா. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. துத்தநாக மருந்தை மருத்துவர் 14 நாள்களுக்கு எழுதிக் கொடுத்தால், போக்கு நின்றபின்னும் அந்நாள்கள் முடியும்வரை கொடுங்கள்.

மருந்தின் பெயரால் நேர்ந்த தீங்குகள்

பல்லின்மேல் பழிபோடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1839ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்புக்குப் ‘பல் முளைத்தல்’ என்றே காரணம் எழுதிவைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே பல்லுக்கு வழிவிட ஈற்றைக் கீறுமாறு கூறினார். அவ்வழக்கம் ஐரோப்பாவில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அமெரிக்காவில் 1849 முதல் விற்கப்பட்ட ‘வின்ஸ்லோ அம்மையாரின் ஆறுதல் சிரப்பு’ அழும் குழந்தையை நொடியில் அடக்கியது. அதிலிருந்த பொருள் மார்பின் என்னும் அபின் சத்து. அதனால் மீளா உறக்கத்தில் ஆழ்ந்த குழந்தைகளும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டிலும் பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்ற பொடிகளில் பாதரசம் கலந்திருந்தது. அதை உண்ட குழந்தைகள் சிலருக்குக் கைகால்கள் இளஞ்சிவப்பாக மாறின, கண் கூசியது, ஓயாத வலியும் உறக்கமின்மையும் வாட்டின, பற்களும் ஆடி விழுந்தன. ‘பிங்க் நோய்’ எனப்பட்ட அந்தத் துன்பத்தின் காரணம் பல்லாண்டுகள் புரியாமலே இருந்தது. 1954ஆம் ஆண்டில் அப்பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் நோயும் மறைந்தது. பல்லின் துன்பத்தைத் தணிக்கக் கொடுத்த பொருளே பல்லையும் உறக்கத்தையும் பறித்தது.

இவற்றைப் பழங்கதையாகக் கருதி நாம் அமைதி கொள்ள இயலாது. ஈற்றை மரக்கச் செய்யும் பென்சோகெயின் களிம்பு, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு அதைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2018ஆம் ஆண்டில் எச்சரித்தது. அதே ஆண்டு இறுதியில், பல் வலிக்கென்று கழுத்தில் அணிவிக்கும் மணிமாலைகள் குறித்தும் எச்சரித்தது. உறங்கும்போது அத்தகைய மாலை கழுத்தை இறுக்கி ஒன்றரை வயதுக் குழந்தை உயிரிழந்திருந்தது. கழுத்துக் கயிறும், மணிக்கட்டில் கட்டும் வசம்பு வளையலும் அறுந்தால் மணிகள் தொண்டையில் சிக்கும் என்பதை நாமும் நினைவிற் கொள்ள வேண்டும்.

உறங்கவைக்கும் நோக்கத்தில் சளி மருந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோர்க்குத் தரலாகாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023ஆம் ஆண்டு இறுதியில் அறிவுறுத்தியுள்ளது. ஜாதிக்காயை இழைத்துக் கொடுப்பதும் வேண்டா; அளவு மிகுந்தால் அது நஞ்சு, கைக்குழந்தைக்குரிய பாதுகாப்பான அளவு என்று ஒன்று வகுக்கப்படவும் இல்லை. ஈற்றில் தேன் தடவும் பழக்கமும் வெளியே உண்டு. நம் இல்லங்களில் தேனை அறம் கருதி விலக்கும் மரபு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மருத்துவமும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை விலக்குகிறது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

பகலில் செய்யத்தக்கவை

எளிய முறைகளே இங்குப் பெரிதும் உதவுகின்றன. கையைச் சோப்பிட்டுக் கழுவியபின், சுட்டுவிரலால் ஈற்றை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தடவுங்கள். தூய பருத்தித் துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சற்று நேரம் வைத்து, நீங்கள் அருகிலிருக்கக் கடிக்கக் கொடுங்கள். கெட்டியான ரப்பர் கடிப்பான்களும் நல்லவை. உள்ளே நீர் நிரப்பியவை கிழியக்கூடும். எதையும் பனிக்கட்டியாக உறையவைத்துக் கொடுக்கலாகாது, ஈறு புண்ணாகும்.

முற்காலத்தில் குழந்தை கையில் மரப்பாச்சி பொம்மை இருக்கும். சாயமோ மெருகோ பூசாத, பிசிரற்ற மரமாயின் அதைக் கழுவிக் கொடுப்பதில் தவறில்லை. கடையில் வாங்கும் வண்ணப் பூச்சுள்ள பொம்மையைக் கடிக்க விடாதீர்கள். பூச்சில் ஈயம் இருக்கலாம். பச்சைக் கேரட் துண்டும் பிஸ்கட்டும் உடைந்து மூச்சுக்குழலில் அடைக்கும் இடர் உடையவை. வடியும் எச்சிலை அழுத்தித் துடைக்காமல் மென்துணியால் ஒற்றியெடுத்து, முகவாயில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வெந்துபோகாது.

இவ்வளவும் செய்தும் வலியால் அழுதால், மருத்துவரைக் கேட்டுப் பாரசிட்டமால் கொடுக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. எட்டுக் கிலோக் குழந்தைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். இங்கு ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. சொட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் உண்டு. சிரப்பிலோ ஐந்து மில்லிலிட்டரில் 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சிரப்பு என்று எண்ணிச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லிலிட்டர் புகட்டிவிட்டால் 500 மில்லிகிராம், அதாவது உரிய அளவில் நான்கு மடங்குக்கு மேல் உட்சென்றுவிடும். நள்ளிரவில் உறக்கக் கலக்கத்தில் கொடுப்போர் விளக்கேற்றி, புட்டியின் மேலுள்ளதைப் படித்த பின்னரே கொடுங்கள். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒருவர் கொடுத்ததை அறியாமல் மற்றொருவரும் கொடுக்கும் நிலை அதனால் தவிர்க்கப்படும்.

பல் முளைத்துவிட்டது, இனிப் பால் மறக்கடிக்க வேண்டும் என்று சிலர் இளந்தாயை வற்புறுத்துவதுண்டு. அதற்குத் தேவையே இல்லை. தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. குழந்தை கடிப்பது பெரும்பாலும் பால் குடித்து முடிக்கும் தறுவாயில்தான். அப்போது இழுத்து விடுவிக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்தால் பிடி தளரும். சில நாள்களில் குழந்தை கற்றுக்கொள்ளும்.

இரவைக் கடப்பது எவ்வாறு?

நான்கு மாதம் முதல் ஒரு வயதுவரை குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர உறக்கம் வேண்டும். ஆயினும் அது தொடர்ந்து நீள்வதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உறக்கம் இலேசாகி மீண்டும் ஆழ்கிறது. எட்டு, ஒன்பது மாதங்களில் தாயைப் பிரிந்திருக்க அஞ்சும் இயல்பும் தோன்றுகிறது. தவழவும் எழுந்து நிற்கவும் பழகும் உடல் இரவிலும் அதையே முயல்கிறது. பல்லின் நமநமப்பும் சேர்ந்துகொண்டால் முழுவிழிப்பு வந்துவிடுகிறது.

இரவுதோறும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் காரியங்களைச் செய்யுங்கள். வெந்நீரால் உடல் துடைத்தல், ஈற்றைத் தடவுதல், பாலூட்டல், விளக்கைத் தாழ்த்தல், தாலாட்டு என்ற வரிசை இரண்டு வாரத்தில் குழந்தைக்குப் பழகிவிடும். இரவில் விழித்தால் உடனே தூக்காமல் சற்றுப் பொறுத்து, நெஞ்சில் கைவைத்துத் தட்டிக்கொடுங்கள். கைப்பேசியின் ஒளியும் உரத்த பேச்சும் வேண்டா. வலியுள்ள நான்கைந்து நாள்களில் கூடுதலாக அணைத்துக்கொள்வதால் குழந்தை கெட்டுப்போகாது. பல் வெளிவந்ததும் பழைய வரிசைக்குத் திரும்பிவிடலாம். குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து படுக்கவையுங்கள்; தலையணையும் கனத்த போர்வையும் அருகில் இருக்கலாகாது. புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிய குழந்தையைத் தூளியில் இட்டுவிட்டு அகலாதீர்கள்.

தாயின் உறக்கம் யார் பொறுப்பு?

இனி நான் சொல்லப்போவது தந்தையர்க்கும் மாமியார் மாமனார்க்கும் உரியது. குழந்தை பத்து நிமிடம் அழுது மீண்டும் உறங்கிவிடும். எழுந்த தாயோ அடுத்த அழுகையை எதிர்பார்த்து விழித்தே கிடப்பாள். காலையில் அடுப்பு காத்திருக்கும். பலருக்கு அலுவலகமும் காத்திருக்கும். வாரக்கணக்கில் இவ்வாறு உறக்கமிழந்த தாய்க்கு எரிச்சலும் அழுகையும் வருவதைக் கண்டு, “பொறுமை போதவில்லை” என்று தீர்ப்புக் கூறுதல் எளிது. காரணமின்றி அழுதல், குழந்தையிடம் ஒட்டாதிருத்தல், உணவில் வெறுப்பு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

இரவை இரண்டாகப் பகுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது முதல் இரண்டு மணிவரை ஒருவர் பொறுப்பு. அதன்பின் மற்றவர் பொறுப்பு. பாலூட்டத் தாயை எழுப்ப நேர்ந்தாலும், பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டி, ஈற்றைத் தடவி உறங்கவைப்பது தந்தையால் இயலும். விடியற்காலையில் எழும் பாட்டனும் பாட்டியும் ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டால், தாய்க்குத் தொடர்ச்சியாக இரண்டு மணி நேர உறக்கம் கிட்டும். அடுத்த வீட்டுச் சகோதரி பகலில் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் அது பெருந்துணை. விழாவுக்கு விளையாட்டுப் பொருளோடு வரும் உறவினர், அந்த ஒரு மணி நேரத்தையும் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள்.

ஓயாத அழுகையால் பொறுமை எல்லை கடக்கும்போது குழந்தையை ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே கேடு வரும். குழந்தையைப் பாதுகாப்பான படுக்கையில் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குச் சென்று சில நிமிடம் மூச்சுவிட்டுத் திரும்புங்கள். அவ்வாறு செய்யும் தாயை யாரும் குறை கூறலாகாது.

மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. பற்கள் வரும் வரிசை சில குழந்தைகளுக்கு மாறுவது இயற்கை. அதற்காக ஒரு தாயின் மனத்தை நோகச் செய்வது அறமாகாது. ஓராண்டு நிறைந்தும் பல் வரவில்லையே என்றும் அஞ்ச வேண்டா. 18 மாதமாகியும் ஒரு பல்லும் தோன்றாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதற்பல் முளைத்த நாளிலிருந்தே அதைத் துடைத்துத் தூய்மை செய்யுங்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடாதீர்கள்.

அன்புடையீர்! அடுத்தமுறை ஒரு தாய், “குழந்தைக்குப் பல் முளைக்கிறது, இரவெல்லாம் உறக்கமில்லை” என்று உங்களிடம் கூறினால், மருந்து சொல்வதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். “குழந்தைக்குக் காய்ச்சல் உண்டா, பால் குடிக்கிறதா?” என்பது முதல் வினா. “நீ எப்போது உறங்கினாய், அம்மா?” என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கேட்டு, விடைக்கேற்ப உதவுவோமாயின், நம் இல்லங்களில் பால்பற்கள் நலமாக முளைக்கும்; தாய்மாரும் நலமாக இருப்பர்.